யார் கொடுத்த பொம்மை?

போடிநாயக்கனூரில் பழைய கொலு வீடு ஒன்றுக்குள் போய், படியில் நிற்கும் கிருஷ்ணரைக் காட்டி "இது எங்கே வாங்கினது?" என்று கேட்டுப் பாருங்கள். கடைப் பெயர் வராது. "அது ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு அத்தை கொடுத்தது" என்று வரும். செட்டியாரும் ஆச்சியும் கடை விரித்திருக்கும் ஜோடி, மாற்றலாகிப் போன வாத்தியார் வீட்டம்மா விட்டுப்போனதாக இருக்கும். மூக்கு உடைந்த பச்சைக்கிளி, நாத்தனார் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தபோது வாங்கியதாக இருக்கும். அந்த அத்தை இப்போது எந்த ஊரில் இருக்கிறார், அந்த நாத்தனார் இருக்கிறாரா இல்லையா என்ற பேச்சு அதைத் தொடர்ந்து வரும். சுண்டல் ஆறிப்போகும் வரை வரும்.

எங்கள் வீட்டுக் கொலுப்படி தேயிலைப் பெட்டிகளால் ஆனது. ஒட்டுப்பலகையில் செய்து, ஓரமெல்லாம் தகரப் பட்டை அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டி. போடி ஊருக்குள் தேயிலைத் தோட்டம் கிடையாது. ஆனால் தேயிலை இறங்கிய ஊர் இது. மூணாறின் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் போட்ட ஒற்றைத் தண்டவாளம் 1908-இல் சிறு ரயிலாக மாறியது. அது டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து சேர்த்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கயிற்றுப்பாதையில் தொங்கியபடி மலைச்சரிவைக் கடந்து கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடிக்கு அந்நாளில் பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர். பிறகு வண்டியில் போடி. 1924 வெள்ளம் மூணாறு ரயிலை அடித்துக்கொண்டு போனது. நான்கு வருடம் கழித்து, 1928-இல், மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் ரயில் போடிக்கு வந்தது. என் சின்ன வயதில் இருந்த பெட்டிகள் அவ்வளவு பழையவை அல்ல, தேயிலை மொத்த வியாபாரிகள் காலி செய்து விற்றவைதான். ஆனாலும் தெருவில் கொலு வைத்த வீடெல்லாம் அவற்றைத்தான் கவிழ்த்துப் போட்டது. மேலே பலகை, பலகைக்கு மேல் அப்பாவின் வெள்ளை வேட்டி.

படியாக நிற்கும் அதே பெட்டிதான் மற்ற மாதங்களில் பொம்மைகளுக்கு வீடு. விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்க வைத்து, மறுநாள் ஒவ்வொரு பொம்மையையும் பழைய சேலைத் துணியில் சுற்றி, இடைவெளியில் இலவம்பஞ்சை அடைத்து உள்ளே இறக்குவோம். போடியில் இலவம்பஞ்சுக்குப் பஞ்சமே இல்லை. மலையடிவாரம் முழுக்க இலவ மரம். ஊருக்குள் மெத்தை, தலையணைக்குப் பஞ்சு அடிக்கும் பட்டறைகள். கழிவுப் பஞ்சைக் கேட்டால் சாக்கு நிறையத் தருவார்கள். அந்தச் சாக்கு அதற்கு முன்னால் ஏலக்காய் பிடித்த சாக்காக இருக்கும். அதனால் அடுத்த புரட்டாசியில் பெட்டியைத் திறந்ததும் எழும் வாடை ஏலக்காய் வாடை. சரஸ்வதி, ராமர் பட்டாபிஷேகம், காய்கறிக்காரி எல்லாருக்கும் ஒரே வாடை.

பொம்மைகள் பெரும்பாலும் மதுரைப் பக்கமிருந்து வந்தன. திருப்பரங்குன்றத்தை ஒட்டிய விளாச்சேரியில் மண்பாண்டத் தொழில் செய்யும் குடும்பங்கள் தலைமுறையாகப் பொம்மை செய்கின்றன. மண்ணைக் குழைத்து, முன்பாதியும் பின்பாதியுமாக அச்சில் அழுத்தி, இரண்டையும் சேர்த்து ஒட்டி, காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் தீட்டுவார்கள். கடைசியில்தான் கண் எழுதுவது. அவர்களுடைய வருடம் பண்டிகையால் ஓடுகிறது. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடிலுக்கு மரியாள், சூசை, குழந்தை ஏசு, இடையர்கள், ஆடு, மாடு, ஒட்டகம். அதே திண்ணை, அதே விரல்கள்.

வருடத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது வழக்கம். எந்த அளவுப் பொம்மை என்பதை ஏலக்காய் விலை முடிவு செய்யும். காய் நல்ல விலைக்குப் போன வருடம் தசாவதாரம் முழு செட்டும் வரும். விலை விழுந்த வருடம், அல்லது மழை பொய்த்த வருடம், ஒரு கிளி. எங்கள் வீட்டுப் பொம்மை வரிசையை வாங்கிய வருடப்படி நிறுத்தினால் ஏலக்காய்ச் சந்தையின் ஏற்ற இறக்கம் அப்படியே தெரியும்.

வாங்கிய பொம்மையை ரயிலில் மடியில் வைத்துத்தான் கொண்டுவருவார்கள். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று நிதானமாக வரும் வண்டி. பேருந்தில் குலுக்கல் அதிகம், ரயில்தான் மண் பொம்மைக்குப் பாதுகாப்பு என்பது அப்பத்தாவின் தீர்மானம். உறவுக்காரர் யாராவது மதுரைக்குப் போகிறார் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டு அத்தாச்சியும் எதிர்வீட்டு மதினியும் காசு கொடுத்தனுப்புவார்கள். நான்கு வீட்டுப் பொம்மைகள் ஒரு மடியில் பயணம் செய்யும்.

ஆனால் ஒரு கொலுவில் வாங்கிய பொம்மைகளைவிட வந்து சேர்ந்த பொம்மைகளே அதிகமாக இருந்தன. போடி, ஆட்கள் வந்து வந்து போகும் ஊர். வங்கி அதிகாரி, ரயில்வே ஊழியர், பள்ளி ஆசிரியர், ஏலக்காய்க் கமிஷன் கடைக் கணக்கர் என்று வெளியூர்க் குடும்பங்கள் சில வருடம் இருந்துவிட்டு மாற்றலாகிப் போவார்கள். மண் பொம்மை லாரிப் பயணம் தாங்காது. ஆகவே புறப்படுவதற்கு முந்தின வாரம் அந்த வீட்டம்மா பொம்மைகளைத் தெருவில் பங்கிடுவார். பெரியது பெரிய கொலுவுக்கு, யானை அந்த யானையோடு விளையாடிய பையன் வீட்டுக்கு, கல்யாண செட் கல்யாணம் ஆகாத பெண் இருக்கும் வீட்டுக்கு. வாங்கிக்கொண்ட வீட்டுக்கு ஒரு கடமை உண்டு: ஒவ்வொரு வருடமும் அதை எடுத்து வைக்க வேண்டும், கேட்பவர்களிடம் கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். எங்கும் எழுதி வைத்த விதி இல்லை. எல்லாரும் செய்தார்கள்.

மரப்பாச்சி மட்டும் யாருக்கும் போகாது. செம்மரத்தில் செய்த ராஜாவும் ராணியும் தாயிடமிருந்து மகளுக்கு, கல்யாணச் சீரோடு போவார்கள். எங்கள் ஜோடி அம்மாச்சி கொடுத்தது. தொட்டுத் தொட்டு முகமெல்லாம் மழுங்கி, மூக்கு இருந்த இடத்தில் லேசான மேடு மட்டும் இருக்கும். அவர்களுக்கு வருடா வருடம் புதுத்துணி தைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு ராவுத்தர் வீட்டம்மா. தெருவிலேயே தையல் மிஷின் அவர் வீட்டில்தான். ராணிக்கு ஜரிகை ஓரம் வைத்த பாவாடை. ராஜாவுக்குப் பின்பக்கம் பிரஸ் பட்டன் வைத்த சட்டை. ஒரு வருடம் வேறு துணி கிடைக்காமல், தன் மகனின் பள்ளிக்கூட நிக்கர் தைத்து மிஞ்சிய காக்கியில் ராஜாவுக்குச் சட்டை தைத்துவிட்டார். அந்த ஒன்பது நாளும் ராஜா காக்கிச் சட்டையும் ஜரிகைத் தலைப்பாகையுமாக நின்றார். அம்மா அதைப் பிறகு மாற்றவே இல்லை. ராவுத்தர் வீட்டம்மா காலமான பிறகும், இன்றுவரை, அதே காக்கிதான். கையிடுக்கில் துணி நைந்து நூல் பிரிந்திருக்கிறது.

மலைக்கும் இந்தக் கொலுவில் பங்கு உண்டு. நவராத்திரி வரும் காலம் ஏலக்காய் எடுப்பின் உச்சம். விடியுமுன்னே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும். அங்கிருந்து கேரளத்து மலையில் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று பிரியும். ஆண்கள் பலர் தோட்டத்திலேயே தங்கிவிடுவார்கள். ஆகவே கொலு முழுக்கப் பெண்களும் பிள்ளைகளும் நடத்தும் விழா. படிக்குக் கீழே பிள்ளைகள் போடும் பூங்காவுக்குப் பாசி வேண்டும். தோட்டத்து நிழல் மரங்களில் கம்பளம் மாதிரி படர்ந்திருக்கும் பச்சைப் பாசியை உரித்து, ஈரச் சாக்கில் கட்டி ஜீப் டிரைவர் அண்ணன் கொண்டுவந்து தருவார். அந்தப் பாசிதான் எங்கள் மலை. கண்ணாடித் துண்டு ஏரி. தீப்பெட்டி, ஏலக்காய் ஸ்டோர். ஆயுதபூஜை அன்று உண்மையான ஸ்டோர்களில் காய் தரம் பிரிக்கும் சல்லடைக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஜீப்புகளுக்கு வாழைக்கன்று கட்டி, கலர்த்தாள் தோரணத்தோடு ஊர்வலம் மாதிரி விடுவார்கள்.

இதே பாசி டிசம்பரில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குள் போகும். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் கிறிஸ்தவர்கள் இருக்கும் லயங்களில் மூங்கில் சிம்பை வளைத்து, நூலால் கட்டி, காற்றாடித் தாளை மைதாப் பசையால் ஒட்டி நட்சத்திரம் செய்வார்கள். உள்ளே மெழுகுவத்தி, மின்சாரம் வந்த பிறகு பல்பு. குடிலுக்குத் தரை மலைப்பாசி. கூரை காய்ந்த ஏலத்தட்டை. 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோவில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தித் தொடங்கிய குடில் வழக்கம் அது. எங்கள் மலையில் விளாச்சேரி மண்ணிலும் ஏலத்தட்டையிலும் வேர் பிடித்துவிட்டது.

எங்கள் கொலுவில் அப்படி ஒரு குடிலிலிருந்து வந்த ஆட்டுக்குட்டி ஒன்று இருக்கிறது. 2011 டிசம்பரில் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே முல்லைப்பெரியாறு அணை விவகாரம் முற்றி, எல்லைச் சாலைகள் மூடப்பட்டன. மலையில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல பயந்துபோய்க் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கீழே இறங்கின. காட்டுப் பாதையில் நடந்தே வந்தவர்களும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் உறவினர் வீட்டில் வந்து தங்கியது. அந்த வீட்டுச் சின்னப் பெண் பள்ளிப் பைக்குள் குடிலின் ஆட்டுக்குட்டியை வைத்து எடுத்துவந்திருந்தாள். புத்தகம்கூட இல்லை. வழியில் ஒரு காது உடைந்திருந்தது. அம்மா அதை எம்-சீல் வைத்து ஒட்டிக் கொடுத்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர்களுக்குக் குடில் இல்லை. ஜன்னல் திட்டில் அந்த ஆட்டுக்குட்டி மட்டும் நின்றது. நிலைமை சரியாகி மலையேறும்போது அந்தப் பெண் வந்து, "அத்தை, இது ஒங்க சாமிகளோட இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். மறு வருடம் முதல் அது கிருஷ்ணரின் கன்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டையும் ஒருசேரப் பார்த்தால் தெரியும்: கண் எழுதிய விதம் ஒன்றே. மேல் இமைக்கு ஒரே இழுப்பு, ஓரத்தில் சின்ன வால்.

அந்தக் காலம் எல்லாருக்கும் ஒரே மாதிரி நல்லதாக இருந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. வெற்றிலை பாக்குக்கு அழைக்கக் குங்குமச் சிமிழோடு போகும் பிள்ளைகளுக்கு எந்தெந்த வீடு என்று சொல்லி அனுப்புவார்கள். சில தெருக்கள் அந்தப் பட்டியலில் வராது. பகலெல்லாம் ஸ்டோரில் உட்கார்ந்து காய் தரம் பிரித்துக் கண் எரியும் பெண்கள் சாயங்காலம் வாசலில் நின்று கொலுவை எட்டிப் பார்ப்பார்கள். இலையில் சுண்டல் வாசலிலேயே கிடைக்கும். உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்லப்பட்டதில்லை. பாசி கொண்டுவந்த டிரைவர் அண்ணனும் அந்தப் பாசி படிக்குக் கீழே எப்படி இருக்கிறது என்பதை வாசலிலிருந்துதான் பார்த்தார். நினைவுக்கு உரிய அண்டை வீட்டார் யார் என்பதிலேயே ஒரு கோடு இருந்தது.

இன்று அந்தக் கோடு பெருமளவு அழிந்திருக்கிறது; இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். "எங்க வீட்டுல கொலு வைக்கிற வழக்கம் இல்ல" என்று ஒதுங்கிய வீடுகளில் இன்று மூன்று படி, ஐந்து படி வைக்கிறார்கள். காய் பிரித்த பெண்களின் பேத்திகள் சிலர் இன்று ஆசிரியைகள், செவிலியர்கள். தங்கள் வீட்டுக் கொலுவுக்குத் தெருவையே அழைக்கிறார்கள். கழற்றி மாட்டும் இரும்புப் படி வந்துவிட்டது, தேயிலைப் பெட்டி தேட வேண்டியதில்லை. மதுரைக்குப் போகாமலே பொம்மை வாசலுக்கு வந்துவிடுகிறது. சந்திரயான் நிலவில் இறங்கிய 2023-இல் எத்தனையோ கொலுக்களில் நிலவும் ஏறியது.

ஆனால் இப்போது பொம்மை செட்டாக வருகிறது. அட்டைப் பெட்டியில், ஒரே நாளில், ஒரே கடையிலிருந்து. இந்த வருடம் ஒரு கருத்து, அடுத்த வருடம் வேறு கருத்து. போன வருடத்து செட் பரணுக்குப் போகிறது. காகிதக்கூழ் பொம்மைகள் லேசானவை, உடையாதவை, எந்த ஊருக்கும் எடுத்துப் போகலாம். எடுத்துப் போக முடிவதால் யாரும் யாருக்கும் விட்டுப்போவதில்லை. தெருவில் பொம்மை கைமாறியதற்குக் காரணமே மண்ணின் பாரமும் உடையும் குணமும்தான். அந்தக் குறை தீர்ந்ததும் அந்தப் பழக்கமும் போய்விட்டது. புதுக் கொலுவில் "இது எங்கே வாங்கினது?" என்று கேட்டால் விலையோடு பதில் வருகிறது.

மலையிலும் அப்படியே. தோட்டங்களில் இன்று ஜார்க்கண்ட், அசாம், வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறையப் பேர். லயத்துத் தமிழ்ப் பிள்ளைகள் படித்து திருப்பூர், கோவை, சென்னை என்று போய்விட்டார்கள். மூங்கில் நட்சத்திரம் வளைக்கத் தெரிந்த கைகள் குறைந்து, வாசல்களில் எல்.இ.டி. நட்சத்திரம் நிறம் மாறி மாறி எரிகிறது. மழைக்கு நனையாது, காற்றுக்குக் கிழியாது. அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பசை தடவிய சாயங்காலம் மட்டும் அதில் இல்லை.

ரயில் நின்று போனதும் திரும்பி வந்ததும் இந்தக் கதையில் சேர்த்தி. 2010 இறுதியில் அகலப்பாதை வேலைக்காக மீட்டர் கேஜ் வண்டி நிறுத்தப்பட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் போடிக்கு ரயிலே இல்லை. 2023 ஜூன் 15-இல் மறுபடி வந்தது. சென்னைக்கே நேராக, வாரம் மூன்று நாள். சென்னைக்குப் போன பிள்ளைகள் நவராத்திரிக்கு அந்த வண்டியில் வந்து இறங்குகிறார்கள். எங்கள் தெருவில் வயதான அம்மாக்கள் தனியாக இருக்கும் சில வீடுகளில், மகளோ மருமகளோ வந்தால்தான் பரணிலிருந்து பெட்டி இறங்கும். 2020-இல், கொரோனா காலத்தில், போடிமெட்டு எல்லைச் சாவடி தாண்டவே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தபோது, அந்தப் பெட்டிகள் இறங்கவே இல்லை. எங்கள் வீட்டில் அம்மா மரப்பாச்சியையும் ஆட்டுக்குட்டியையும் மட்டும் ஒரு பலகையில் வைத்து, கைபேசியில் எல்லாருக்கும் காட்டினாள். மற்ற பொம்மைகளைக் கேட்காமல் "ராஜா சட்டை எப்படி இருக்கு?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

வீடே பூட்டிக் கிடக்கும்போது பொம்மைகள் என்ன ஆகும்? ஜப்பானில் மார்ச் 3 அன்று பெண் குழந்தைகளுக்காக ஹினா பொம்மைகளை வைக்கிறார்கள். நம் கொலு போலவே படிகள், மேலே சிவப்புத் துணி, உச்சியில் அரசனும் அரசியும்; அவையும் தலைமுறை தாண்டி வருபவை. வைக்க ஆளில்லாத பொம்மைகளைத் தூக்கியெறியாமல் கோயிலில் ஒப்படைக்கும் வழக்கம் அங்கே உண்டு. வாகயாமாவில் உள்ள அவாஷிமா கோயிலில் அப்படி வந்த பொம்மைகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக இருக்கின்றன. அதே மார்ச் 3 அன்று பூசை செய்து சிலவற்றைப் படகில் ஏற்றிக் கடலில் விடுகிறார்கள். நம் ஊரில் அந்த இடம் அரசமரத்தடி. கை உடைந்த லட்சுமியும் நிறம் போன பிள்ளையாரும் வெயிலிலும் மழையிலும் சிதைந்து கிடப்பதைப் போடியிலும் பார்க்கலாம். மண் மண்ணோடு போகட்டும், அதில் குற்றமில்லை. யார் கொடுத்தது என்று சொல்ல ஆள் இல்லாமல் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. உடையாத பொம்மையை அங்கே விடாதீர்கள். புதிதாகக் கொலு வைக்கத் தொடங்கிய வீடு இன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது; பழைய கோடு அழிந்த இந்த நேரத்தில், அந்த வீட்டுப் படியில் அதை ஏற்றுங்கள். கதையையும் கூடவே சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். அம்மாவுக்கு நினைவு தடுமாறத் தொடங்கிய பிறகு, எங்கள் பொம்மைகளைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தோம். அங்கே வண்ணம் பூசியிருக்க மாட்டார்கள். வெறும் மண், எழுத்தை நன்றாகப் பிடிக்கிறது. கொடுத்தவர் பெயர், உறவுமுறை, தெரு, தெரிந்தால் வருடம், அவ்வளவுதான். ஆட்டுக்குட்டியின் வயிற்றுக்கடியில் அந்தச் சின்னப் பெண்ணின் பெயர் இருக்கிறது. சிலவற்றுக்கு அம்மாவால் பெயர் சொல்ல முடியவில்லை. அந்த அடிப்பாகங்கள் வெறுமையாகவே இருக்கின்றன.

இந்தப் புரட்டாசியில் பெட்டியை இறக்கும்போது, பதில் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், பொம்மைகளைப் படியில் ஏற்றுவதற்கு முன் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவிடுங்கள்.